கல்லூரி தரும் புள்ளிக் கணக்கு

“மார்க் எத்தனை?” தேர்வு முடிவு வந்த அன்று நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி இதுதான். பள்ளியில் படிக்கும்வரை இதற்கு விடை சொல்வது எளிது. 500க்கு 420 என்றால் பாட்டிக்கும் புரியும், பக்கத்து வீட்டாருக்கும் புரியும். கல்லூரிக்குச் சென்றுவிட்ட அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். “எட்டு புள்ளி மூன்று” என்பார்கள். எட்டு என்பது நல்லதா, கெட்டதா? பத்துக்கு எட்டு என்றால் நூற்றுக்கு எண்பத்து மூன்றா? அப்படியானால் அதையே நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே!

எங்களுக்கும் இந்த ஐயம் இருந்தது. நம் பள்ளியில் படித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அக்காள் ஒருவர், தம் முதல் பருவத்தின் கிரேடு அட்டையைக் கொண்டுவந்து எங்கள் வகுப்பில் காட்டினார். அதில் மதிப்பெண் என்று ஒன்றுமே இல்லை. பாடத்தின் பெயர், அதற்கு எதிரே ஓர் எண், அதற்கு எதிரே ஓர் எழுத்து, அடியில் ஜி.பி.ஏ. என்று ஒரு தசம எண், அவ்வளவே. அவருடைய தந்தையார் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மார்க்கை எங்கேம்மா ஒளித்து வைத்திருக்கிறாய்?” என்று கேட்டாராம். எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர் அந்த அட்டையையே அன்றைய பாடமாக்கிக் கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். அன்று தொடங்கிய கணக்கை நாங்கள் மேலும் பல நாள் போட்டுப் பார்த்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

எழுத்தால் தரம் குறிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1785ஆம் ஆண்டில் யேல் கல்லூரியின் தலைவராயிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்பவர், தம் மாணவர் 58 பேரைச் சோதித்து அவர்களை நான்கு வகுப்பாகப் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நான்கு வகுப்புக்கும் லத்தீன் பெயர்கள். முதல் வகுப்பில் 20 பேர், கடைசி வகுப்பில் 10 பேர். அந்தக் கடைசி வகுப்பின் பெயருக்கு ‘இன்னும் மோசமானவர்கள்’ என்று பொருளாம்! நம் ஆசிரியைகள் எவ்வளவோ மேல்.

எழுத்தையும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணையும் இணைத்தது ஒரு பெண்கள் கல்லூரி என்பதை அறிந்தபோது எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. மேரி லயன் என்ற பெண்மணி 1837இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நிறுவிய மவுண்ட் ஹோலியோக் கல்லூரியே அது. 1897இல் அங்கே 95 முதல் 100 வரை ஏ, 85 முதல் 94 வரை பி, 76 முதல் 84 வரை சி, சரியாக 75 எடுத்தால் டி, அதற்குக் கீழே இ என்று வகுத்தார்கள். இ என்றால் தோல்வி. மறு ஆண்டே எல்லைகளை மாற்றி, எஃப் என்ற எழுத்தைத் தோல்விக்குரியதாக்கினார்கள். இரு முறையிலும் 75க்குக் கீழே பெற்றால் தோல்விதான்! இன்று நாம் 35 எடுத்துத் தேறிவிடுவதை எண்ணிப் பார்த்தால், அந்தக் காலத்து மாணவியர் பாடு பெரும்பாடுதான்.

எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு சராசரி காண முடியாது அல்லவா? ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்கள். அமெரிக்காவில் பொதுவாக ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. நம் நாட்டில் 1959இல் கான்பூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் துணையோடு வளர்ந்தது. பருவமுறையும் எழுத்துத் தரமும் அங்கே வேரூன்றின. கலை, அறிவியல் கல்லூரிகள் உட்பட எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் பத்துப் புள்ளி முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன்படி ஓ என்பது 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, வெறுமனே தேர்ச்சி என்றால் 4, தோல்வியும் தேர்வுக்கு வராமையும் 0. ஓ என்ற எழுத்தைச் சுழியம் என்று நினைத்து எந்தத் தாயும் அழ வேண்டா. அது தலைசிறந்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

இனி, பாடத்தின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணுக்கு வருவோம். அதுதான் கிரெடிட். வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுவதும் நடந்தால் அது ஒரு கிரெடிட். ஆய்வகமாயின் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். எனவே வாரம் நான்கு மணி நேரம் நடக்கும் கணிதம் 4 கிரெடிட். வாரம் நான்கு மணி நேரம் கால் கடுக்க நிற்கும் ஆய்வகமோ 2 கிரெடிட்தான். இது நியாயமா என்று எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. ஆய்வகத்திற்கு வீட்டுப்பாடம் குறைவு என்பது காரணமாம். ஆய்வகப் பதிவேடு எழுதிக் கை வலித்தவர்கள் இதை ஒப்பவில்லை.

ஜி.பி.ஏ. காணும் முறை இதுதான். ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியை அப்பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். காய்கறிக் கடையில் கிலோ இருபது ரூபாய்த் தக்காளி நான்கு கிலோவும், கிலோ நாற்பது ரூபாய் வெண்டைக்காய் ஒரு கிலோவும் வாங்கினால் சராசரி விலை முப்பது ரூபாய் அன்று, இருபத்து நான்கு ரூபாய் என்று நம் அம்மாமார் மனக்கணக்காகவே சொல்வார்களே, அதே கணக்குத்தான். புத்தகத்தில் இதற்கு எடையிட்ட சராசரி என்று பெயர்.

புரிந்துவிட்டது என்று நாங்களும் புத்தகத்தை மூடப் போனோம். அப்போது சிஸ்டர் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகுதான் விஷயமே விளங்கியது. அதை அப்படியே இங்கே தருகிறோம்.

கற்பனையாக ஒரு வீட்டில் இரட்டைப் பிறவியான இரு பெண்கள். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பாடங்கள் ஆறு: ஆங்கிலம் 4 கிரெடிட், கணிதம் 4, இயற்பியல் 3, வேதியியல் 3, பொறியியல் வரைபடம் 4, ஆய்வகம் 2. ஆக மொத்தம் 20. மதிப்பெண்ணைத் தரமாக மாற்ற, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இருந்த அளவை எடுத்துக்கொண்டோம். 91 முதல் 100 வரை 10 புள்ளி, 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8, 61 முதல் 70 வரை 7, 50 முதல் 60 வரை 6. ஐம்பதுக்குக் கீழே தேர்ச்சியில்லை.

மூத்தவள் ஆங்கிலத்தில் 80, கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 90, வரைபடத்தில் 70, ஆய்வகத்தில் 100 பெற்றாள். மொத்தம் 510. இளையவளோ ஆங்கிலம் 81, கணிதம் 81, இயற்பியல் 71, வேதியியல் 71, வரைபடம் 71, ஆய்வகம் 81. மொத்தம் 456. அக்காளைவிட 54 மதிப்பெண் குறைவு. பழைய முறையாயிருந்தால் அன்று அந்த வீட்டில் இளையவளுக்கு வசவுதான்.

புள்ளியைப் பாருங்கள். மூத்தவளுக்கு ஆங்கிலம் நான்கெட்டு 32, கணிதம் 32, இயற்பியல் மூவொன்பது 27, வேதியியல் 27, வரைபடம் நான்கேழு 28, ஆய்வகம் 20. கூட்டினால் 166. இருபதால் வகுத்தால் 8.3. இளையவளுக்கு ஆங்கிலம் 36, கணிதம் 36, இயற்பியல் 24, வேதியியல் 24, வரைபடம் 32, ஆய்வகம் 18. கூட்டினால் 170. இருபதால் வகுத்தால் 8.5. தங்கை அக்காளை முந்திவிட்டாள்!

வகுப்பில் ஒரே கூச்சல். கூட்டலில் பிழை இருக்கும் என்று சிலர் மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். பிழை இல்லை. பின் எங்ஙனம் இது நிகழ்ந்தது? இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தாலும், இரண்டும் சமமானவை அல்ல. மூத்தவளின் 100 மதிப்பெண் இரண்டே கிரெடிட் உள்ள ஆய்வகத்தில் கிடைத்தது. அவள் சறுக்கிய வரைபடம் நான்கு கிரெடிட் உள்ளது. மதிப்பெண்களையே கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி கண்டால் அவளுடைய 85 என்பது 83 ஆகக் குறைகிறது. இளையவளின் 76 அப்படியே 76 ஆக நிற்கிறது. ஆக, கிரெடிட் செய்த வேலை இரண்டு மதிப்பெண் அளவே. அப்போதும் அக்காள்தான் ஏழு மதிப்பெண் முன்னே நிற்கிறாள்.

முழு மாயத்தையும் செய்தது படிக்கட்டு. மதிப்பெண் என்பது சாய்தளம் போன்றது, ஒவ்வோர் அடிக்கும் சற்றே உயரும். கிரேடு என்பது படிக்கட்டு. 71 எடுத்தவளும் 80 எடுத்தவளும் ஒரே படியில் நிற்கிறார்கள். 80 எடுத்தவளுக்கும் 81 எடுத்தவளுக்கும் இடையே ஒரு முழுப் படி. மூத்தவள் ஒவ்வொரு பாடத்திலும் படியின் மேல் விளிம்பிலே நிற்கிறாள். ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம் என்ற ஐந்திலும் இன்னும் ஒரே ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தால் அவளுடைய ஜி.பி.ஏ. 9.2 ஆகியிருக்கும். இளையவள் ஒவ்வொரு படியிலும் அப்போதுதான் காலை வைத்திருக்கிறாள். உண்மையில் யாருக்கும் எல்லாப் பாடத்திலும் இப்படி விளிம்பில் விழாது. சிஸ்டர் வேண்டுமென்றே அமைத்த கணக்கு இது. ஆயினும் ஓரிரு பாடத்தில் எவருக்கும் நேரக்கூடியதே.

இதில் உள்ள வேதனை என்னவெனில், அதே ஒழுங்குமுறையில் தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்புக்கு 8.50 வேண்டும். எல்லாப் பருவத்திலும் இதே போல நடந்தால் தங்கைக்கு அந்தச் சிறப்பு உண்டு, அக்காளுக்கு இல்லை. பெற்றோர்களே, பெரியப்பா மகள் 8.5, நீ 8.3 என்று சாப்பாட்டு வேளையில் ஒப்பிடும் முன்பு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் படிக்கட்டு எதற்கு என்று கேட்கலாம். இதற்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர்கள் திருத்தினால் இரண்டு மூன்று மதிப்பெண் வேறுபடும். ஆகவே 76க்கும் 78க்கும் வேறுபாடு கற்பிப்பதே பொய்யான நுட்பம், இருவரையும் ஒரே தரத்தில் வைப்பதே நேர்மை என்பது அந்த வாதம். 76க்கும் 78க்கும் இது பொருந்தும். 80க்கும் 81க்கும் பொருந்தவில்லையே என்பது எங்கள் கட்சி. படியின் நடுவில் நிற்பவர்களுக்கு நேர்மையாகவும், விளிம்பில் நிற்பவர்களுக்குக் கொடுமையாகவும் இருப்பது இம்முறையின் இயல்பு.

இதுவரை நாம் கண்டது மதிப்பெண்ணின் எல்லைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட முறை. வேறொரு முறையும் உண்டு. வினாத்தாள் மிகக் கடினமாக அமைந்து, வகுப்பில் முதல் மாணவியே 68 எடுத்தால் என்ன செய்வது? முதல் முறையில் ஒருவருக்கும் ஏ கிடைக்காது. இரண்டாம் முறையில் ஆசிரியர் வகுப்பு முழுவதன் மதிப்பெண்ணையும் பரப்பி வைத்துப் பார்த்து, அதற்கேற்ப எல்லைகளை வகுக்கிறார். இதை ஒப்பீட்டுத் தரம் என்பார்கள். இங்கேதான் எங்கள் பத்தாம் வகுப்புக் கணித நூலின் திட்டவிலக்கம் வருகிறது. (இதனால் வாழ்க்கையில் என்ன பயன் என்று முணுமுணுத்தவர்கள் கவனிக்க!) வகுப்பின் சராசரி 50, திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். சராசரிக்கு மேல் ஒன்றரைத் திட்டவிலக்கம் தாண்டியவர்களுக்கு முதல் தரம் என்று ஆசிரியர் முடிவு செய்தால், 65க்கு மேல் எடுத்தவர்கள் எல்லாம் முதல் தரம். மற்றொரு வகுப்பில் சராசரி 75, திட்டவிலக்கம் 8 என்றால் அங்கே முதல் தரத்துக்கு 87 தாண்ட வேண்டும்.

வினாத்தாளின் கடுமையிலிருந்து இம்முறை மாணவியரைக் காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எங்களுக்கு ஓர் அச்சம். என் தோழி நன்றாகப் படித்தால் என் தரம் இறங்கும் என்றாகிவிட்டால், தேர்வுக்கு முந்தின நாள் நோட்டை யார் யாருக்குக் கொடுப்பார்கள்? நோட்டுக் கொடுத்தே நாங்கள் அனைவரும் இதுவரை தேறி வந்திருக்கிறோம். முதல் முறையே நட்புக்கு ஏற்றது என்று எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் கை தூக்கினர்.

இடத்துக்கு இடம் எழுத்தின் மதிப்பும் மாறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ் என்பதே முதல் தரம், 10 புள்ளி. ஏ அங்கே 9, பி 8, சி 7, டி 6, இ 4. ஐந்து என்ற படியே கிடையாது! ஆக ஏ என்று ஒரு பெண் சொன்னால், அது 9ஆகவும் இருக்கலாம், மானியக் குழுவின் அளவில் 8ஆகவும் இருக்கலாம், அமெரிக்காவில் 4ஆகவும் இருக்கலாம்.

ஒரு பருவத்தின் சராசரி இது. முதல் பருவம் தொடங்கி அன்றுவரை முடிந்த எல்லாப் பருவத்துக்கும் சேர்த்துக் காண்பது சி.ஜி.பி.ஏ. எனப்படும். கணக்கு அதேதான், கிரெடிட் மட்டும் பெருகிக்கொண்டே போகும். இதை நாங்கள் மிகக் கூர்ந்து பார்த்தோம். ஏனெனில் இது நம்மைப் போன்றோருக்கே உரிய செய்தி. வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் பெண்ணாகச் செல்பவர்கள் நம்மில் பலர். தமிழில் பாடம் படித்துவிட்டுத் திடீரென்று எல்லாம் ஆங்கிலம், விடுதிச் சோறு, தெரியாத முகங்கள். முதல் பருவத்தில்தான் பலருக்கும் கால் சறுக்குகிறதாம். அட்டையைக் கொண்டுவந்த அக்காளும் அதையே சொன்னார்.

ஒரு பெண் முதல் பருவத்தில் 6 பெறுகிறாள். அழுது தீர்த்துவிட்டு எழுந்து, அடுத்த பருவங்களில் எல்லாம் 9 பெறுகிறாள். ஒவ்வொரு பருவமும் 20 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் அவளுடைய சி.ஜி.பி.ஏ. இரண்டாம் பருவ முடிவில் 7.5, மூன்றாவதில் 8, நான்காவதில் 8.25, ஐந்தாவதில் 8.4, ஆறாவதில் 8.5. எட்டுப் பருவமும் முடிந்தபின் 8.625. ஏழு பருவம் 9 பெற்ற பின்னும் அட்டையில் 9 வருவதில்லை. முதல் பருவத்தின் நிழல் கடைசிவரை தொடர்கிறது. ஆனால் அந்த நிழல் பருவத்துக்குப் பருவம் குறுகிக்கொண்டே வருவதையும் பாருங்கள். முதல் அட்டையைப் பார்த்து, “உனக்குப் படிப்பு ஏறாது, கல்யாணத்தைப் பார்ப்போம்” என்று முடிவு கட்டிவிட்டால் அந்தப் பெண் 8.5ஐ எப்படிக் காண்பாள்? நம் ஊர்களில் இப்படி நிற்கும் படிப்புகள் உண்டு என்பது எல்லாரும் அறிந்ததே. கோபத்தை நான்காம் பருவம்வரை தள்ளிப் போடலாம் என்பது எங்கள் எளிய யோசனை.

தேறாத பாடத்தை அரியர் என்று அக்காமார் சொல்வார்கள். சில இடங்களில் அதற்குச் சுழியம் போட்டு, அதன் கிரெடிட்டையும் வகுக்கும் எண்ணில் சேர்த்துவிடுவார்கள். அப்போது ஜி.பி.ஏ. மளமளவென்று சரியும். வேறு சில இடங்களில் அந்தப் பாடம் தேறும்வரை கணக்கிலேயே சேராது. பின்னதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. இரண்டு அரியர் வைத்திருக்கும் பெண்ணின் அட்டையில், எல்லாம் தேறிய பெண்ணைவிட உயர்ந்த ஜி.பி.ஏ. இருக்கக்கூடும். ஆகவே அட்டையைப் பார்க்கும்போது அடியில் உள்ள தசம எண்ணோடு, பெற்ற கிரெடிட் எத்தனை என்ற எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி. இதை நூற்றுக்கு எத்தனை என்று மாற்றுவது எப்படி? பத்தால் பெருக்குவது பலர் கையாளும் வழி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக்கு 2010 முதல் 2017 வரை சி.ஜி.பி.ஏ. கொடுத்தபோது 9.5ஆல் பெருக்கச் சொன்னது. அது அவ்வாரியத்தின் தேர்வுக்கென்று சொன்ன எண். கல்லூரிப் புள்ளியையும் அதே எண்ணால் பெருக்குவோர் இன்றும் இருக்கிறார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட அட்டவணையிலோ 6.25 என்பது 55 சதவீதம், 8.25 என்பது 75 சதவீதம். அதாவது பத்தால் பெருக்கி ஏழரையைக் கழிக்க வேண்டும். நம் இரட்டையரில் மூத்தவளின் 8.3, முதல் வழியில் 83 சதவீதம், இரண்டாம் வழியில் 78.85, மூன்றாம் வழியில் 75.5. உண்மையில் அவள் பெற்றது ஆறு பாடத்துக்கும் சராசரி 85! உதவித்தொகைக்கோ வேலைக்கோ 80 சதவீதம் வேண்டும் என்று கேட்டால், எந்த வழியைக் கையாள்வது என்பதிலேயே அவளுடைய தலையெழுத்து அடங்கியிருக்கிறது. பல கல்லூரிகள் தங்களுக்குரிய வாய்பாட்டைக் கிரேடு அட்டையின் பின்புறத்தில் அச்சிடுகின்றன. மகளின் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த அந்தத் தந்தையார் செய்தது சரியான காரியம்தான்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு. நம் மூத்தவள் முதல் பருவத்தில் 20 கிரெடிட்டுக்கு 8.3 பெற்றாள். இரண்டாம் பருவத்தில் 22 கிரெடிட். அவளுடைய சி.ஜி.பி.ஏ. 8.5 ஆக வேண்டுமானால் இரண்டாம் பருவத்தில் எவ்வளவு ஜி.பி.ஏ. பெற வேண்டும்? அம்மாவிடம் பென்சிலைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

விடை: மொத்தம் 357 புள்ளி வேண்டும். கையில் இருப்பது 166. மீதி 191 புள்ளியை 22ஆல் வகுக்க, ஏறத்தாழ 8.68.